போகலாமா, எங்கே போகலாம்: பயண விதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சுகாதார அமைச்சகங்களிலும் குடிவரவுத் துறைகளிலும் இருந்து, தொற்றுக் காலத்துக்கான பயண விதிகளை எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, உங்கள் கையில் இருக்கும் வேலை ஒன்றுதான். எந்த நாட்டுக்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது, போவதற்கு முன் என்ன சோதனை, திரும்பியதும் எத்தனை நாள் தனிமை என்று எழுதி வெளியிடுகிறீர்கள். தொற்றுக் காலத்தில் நாடுகள் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொல்லும், உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளில் செய்த திருத்தங்கள் 2025 செப்டம்பர் 19 முதல் பெரும்பாலான நாடுகளில் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பெருந்தொற்று அவசரநிலை என்ற புதிய நிலையே அதில் சேர்ந்திருக்கிறது. அதையொட்டி உங்கள் பழைய விதிகளையும் நீங்கள் எடுத்துப் புரட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். அவசரம் இல்லாத இந்த நேரத்தில் சொன்னால்தான் காதில் விழும் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

2021 கடைசியில் என் அக்காவுக்கு வெளிநாட்டில் ஓர் அறுவை சிகிச்சை. அங்கே அவளுக்கு வேறு யாரும் இல்லை. போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது ராத்திரியும் மடிக்கணினியில் மூன்று அரசுகளின் அறிவிப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்று நான் புறப்படும் நாட்டுடையது, ஒன்று விமானம் மாறும் நாட்டுடையது, இன்னொன்று போய்ச் சேரும் நாட்டுடையது. முதலாவதில், கடைசியாகத் திருத்திய தேதி இருந்தது. இரண்டாவதில் தேதியே இல்லை. மூன்றாவதில் மேலே ஒரு தேதி, உள்ளே இணைத்திருந்த பிடிஎஃப்பில் அதற்கு முந்தின மாதத்துத் தேதி. சோதனை '72 மணி நேரத்துக்குள்' எடுத்ததாக இருக்க வேண்டும் என்று மூன்றுமே சொல்லின. எதிலிருந்து 72? மாதிரி கொடுத்த நேரத்திலிருந்தா, முடிவு வந்த நேரத்திலிருந்தா? எதுவரை? முதல் விமானம் கிளம்பும்வரையா, கடைசி விமானம் தரை இறங்கும்வரையா? மூன்றையும் வரிக்கு வரி படித்தேன். பதில் இல்லை.

விமான நிலையத்துக்குப் போனபோது மாதிரி கொடுத்து 58 மணி நேரம் ஆகியிருந்தது. செக்-இன் கவுன்ட்டரில் இருந்த பெண் என் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், விரல்விட்டு மணிக்கணக்கு எண்ணினார். விமான நிறுவனங்கள் பார்க்கும் டைமேட்டிக் என்ற தரவுத்தளத்தில், போய் இறங்கும் நேரம்வரை கணக்கிட வேண்டும் என்று இருந்ததாம். நடுவில் விமானம் மாறக் காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்தால் 72-ஐத் தாண்டிவிடுகிறது. "மன்னிச்சிடுங்க, உங்களை ஏத்த முடியாது" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அனுமதி மறுக்கப்படும் பயணியை ஏற்றிக்கொண்டு போனால் அபராதமும் திருப்பி அழைத்துவரும் பொறுப்பும் விமான நிறுவனத்தின் தலையில்தான் விழும். நீங்கள் தெளிவில்லாமல் விட்ட ஒரு வரிக்கு அந்தப் பெண் என்ன செய்வார்?

நான்கு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மருத்துவமனை கொடுத்த கோப்பில் ஒரு படிவம் இருந்தது. உடன் இருப்பவர் யார் என்ற இடத்தில் அக்கா என் பெயரை எழுதி, பிறகு ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் 'யாரும் இல்லை' என்று எழுதியிருந்தாள்.

எல்லைகளைத் திறந்து போடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. எல்லையை மூடுவதால் உயிர்கள் தப்பியிருக்கின்றன. நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து புறப்பட்டு வந்த டலூன் என்ற கப்பல், 1918 நவம்பர் 7-ஆம் தேதி பசிபிக் தீவான மேற்கு சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தை அடைந்தது. கப்பலில் இன்ஃப்ளூயன்சா காய்ச்சலோடு ஆட்கள் இருந்தார்கள். தனிமைப்படுத்தாமல் இறங்கவிட்டார்கள். சில வாரங்களில் அந்தத் தீவுகளின் மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்துபோனார்கள். பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்க சமோவாவில், ஆளுநர் ஜான் போயர், வந்த கப்பல்களைத் தனிமைப்படுத்தி நிறுத்தினார். அங்கே அந்தக் காய்ச்சலுக்கு ஒருவர்கூடப் பலியாகவில்லை.

இதைப் படித்தபிறகு, எங்கே போகலாம் என்ற கேள்வியையே நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். உங்கள் அறிவிப்புகள் எல்லாம், அந்த நாட்டுக்குப் போனால் எனக்கு என்ன ஆகும் என்பதைத்தான் சொல்கின்றன. நான் போனால் அந்த நாட்டுக்கு என்ன ஆகும் என்பதை எங்கேயும் காணோம். அறிகுறி தெரியாமலே ஒருவர் தொற்றைச் சுமந்து போகலாம். கோவிட் விஷயத்தில், தொற்றியபிறகு அறிகுறி தெரிய 14 நாள்வரைகூட ஆகலாம். கிளம்பும்போது எடுத்த ஒற்றைச் சோதனை, அதற்கு முந்தின நாள் தொற்றியதைக் காட்டாது. தீவிர சிகிச்சைப் படுக்கைகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கிற ஒரு சின்னத் தீவில் என்னைப் போல நாலு பேர் இறங்கினால், அந்த ஊர்க்காரருக்குக் கிடைக்கவேண்டிய படுக்கையில் நான் படுத்திருப்பேன். அங்கே மருத்துவமனைகள் எவ்வளவு தாங்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். விடுமுறைக்காகக் கிளம்புகிறவர்களில் பலர் அதைப் படித்தால் தாங்களாகவே பயணத்தைத் தள்ளிப்போடுவார்கள். மக்களைப் பற்றி அவ்வளவு நம்பிக்கை எனக்கு உண்டு.

அப்புறம், இந்த வண்ணங்கள். பிரிட்டன் 2021 மே 17 அன்று சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நாடுகளைப் பிரித்து ஒரு முறையைக் கொண்டுவந்தது. போர்ச்சுகல் பச்சையில் இருந்தது. நம்பி ஏராளமானோர் கிளம்பிப் போனார்கள். ஜூன் 3 அன்று, அது இனி மஞ்சள், அதாவது திரும்புகிறவர்கள் தனிமையில் இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். ஜூன் 8 அதிகாலை 4 மணிக்கு மாற்றம் அமல். அதாவது ஐந்து நாள்கூட முழுசாக இல்லை. அதற்கு முந்தின ஆண்டு நடந்தது இன்னும் மோசம். 2020 ஜூலை 25 சாயங்காலம் ஒரு அறிவிப்பு: ஸ்பெயினிலிருந்து திரும்புகிறவர்கள் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும், இன்று நள்ளிரவு முதல். அந்த நேரத்தில் பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சரே குடும்பத்தோடு ஸ்பெயினில் விடுமுறையில் இருந்தார். அமைச்சருக்கே முன்கூட்டித் திட்டமிட முடியாத ஒன்றை மற்றவர்கள் எப்படித் திட்டமிட்டிருக்க முடியும்?

திடீர் அறிவிப்பு தொற்றையும் தடுப்பதில்லை. 2020 மார்ச் 11 இரவு, ஐரோப்பாவிலிருந்து வருவோருக்குத் தடை என்று அமெரிக்கா அறிவித்தது. சொந்தக் குடிமக்களுக்கு அது பொருந்தாது என்பது அந்த உரையில் தெளிவாக இல்லை. ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கர்கள் அலறியடித்துக்கொண்டு டிக்கெட் வாங்கினார்கள். மார்ச் 14 அன்று சிகாகோவின் ஓஹேர் உள்ளிட்ட விமான நிலையங்களில், வந்திறங்கியவர்கள் பரிசோதனைக்காக மணிக்கணக்கில் தோளோடு தோள் உரச நின்றார்கள். கூட்டம் கூடாதே என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது.

வண்ணம் மாறவே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. எது நடந்தால் மாறும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள், அது எங்கே போனால் பட்டியல் மாறும், மாறினால் எத்தனை மணி நேர அவகாசம் என்று எழுதிவைத்துவிட்டால், ஒருவர் வீட்டிலிருந்தபடியே அந்த எண்ணைப் பார்த்து, அடுத்த வாரம் இது மாறும்போல இருக்கிறதே, வேண்டாம் என்று முடிவெடுப்பார்.

வண்ணத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, என்னை அதிகம் உறுத்துவது இதுதான். 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா ஒரு புதிய உருமாற்றத்தைக் கண்டுபிடித்து உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. இரண்டு நாளில் அதற்கு ஒமைக்ரான் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதற்குள்ளாகவே தென்னாப்பிரிக்காவுக்கும் சுற்றியிருந்த நாடுகளுக்கும் விமானங்களை நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். பிறகு நெதர்லாந்தில் பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தால், நவம்பர் 19 அன்றும் 23 அன்றும் எடுத்தவற்றிலேயே ஒமைக்ரான் இருந்தது. அதாவது தென்னாப்பிரிக்கா வாய் திறப்பதற்கு முன்பே அது ஐரோப்பாவுக்குள் வந்துவிட்டது. ஐ.நா. பொதுச் செயலாளர் குட்டெரெஸ் இதைப் பயண நிறவெறி என்று கண்டித்தார். பிரிட்டன் தன் சிவப்புப் பட்டியலில் இருந்த 11 ஆப்பிரிக்க நாடுகளையும் டிசம்பர் 15 அன்று விடுவித்தது. தேடிக் கண்டுபிடித்து, நேர்மையாகச் சொன்ன நாட்டுக்கு மூன்று வாரம் தண்டனை கிடைத்தது.

இது தென்னாப்பிரிக்காவுக்கு நடந்த அநியாயம் மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். எங்கே போகலாம் என்று பட்டியலைப் பார்க்கும் என்னைப் போன்றவர்களையும் அது ஏமாற்றுகிறது. நிறையச் சோதிக்கும் நாட்டில் எண்ணிக்கை ஏறும், சிவப்பாகும். சோதிக்காத நாடு பச்சையாகவே கிடக்கும். நான் பச்சையை நம்பி, யாருமே எண்ணாத இடத்துக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு போவேன். ஆகவே நிறத்துக்குப் பக்கத்திலேயே, அந்த நாட்டில் எவ்வளவு பேரைச் சோதிக்கிறார்கள் என்பதையும் போடுங்கள். சோதனை போதாத நாட்டைப் பச்சை என்று சொல்லாதீர்கள், தெரியவில்லை என்று சொல்லுங்கள். தெரியவில்லை என்று ஓர் அரசு எழுதினால் அதன் மதிப்பு குறையாது. நான் அந்த அரசை இன்னும் அதிகமாக நம்புவேன்.

சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின் 43-ஆவது பிரிவு உங்களுக்குத் தெரியாததல்ல. பயணிகளை மறுக்கும் அளவுக்கு ஒரு நடவடிக்கை எடுத்தால், 48 மணி நேரத்துக்குள் அதன் காரணத்தை உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்கிறது அது. அந்தக் காரணத்தை எங்களுக்கும் காட்டுங்கள். ஜெனீவாவில் இருக்கும் அந்த நிறுவனத்துக்கு எழுதும் அதே கடிதத்தை அப்படியே வெளியிட்டால் போதும்.

திரும்புவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். போகலாமா என்று கேட்பவர் உண்மையில் கேட்பது, போனால் திரும்ப முடியுமா என்பதைத்தான். 2021 ஏப்ரல் கடைசியில் ஆஸ்திரேலியா, கடந்த 14 நாளில் இந்தியாவில் இருந்தவர் சொந்தக் குடிமகனாகவே இருந்தாலும் நாட்டுக்குள் வந்தால் ஐந்தாண்டுவரை சிறை என்று ஒரு உத்தரவு போட்டது. மே 3 முதல் மே 15 வரைதான் அது இருந்தது. ஆனால் அந்த நாட்களில் அங்கே மாட்டிக்கொண்டவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். தன் நாட்டு வாசலே தனக்குக் குற்றம். நியூசிலாந்தில் திரும்பி வருவதற்கான தனிமைப்படுத்தல் அறைகளை, இணையத்தில் வரிசையில் நிற்கவைத்து, குலுக்கல்போல ஒதுக்கினார்கள். அவசரத் தேவைக்கென்று தனி ஒதுக்கீடு ஒன்று இருந்தது. ஆனால் அதில் இடம் கிடைக்காத அவசரக்காரரும், அவ்வளவு அவசரமில்லாதவரும் அதே வரிசையில். 2022 ஏப்ரலில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், அந்த முறை குடிமக்கள் நாடு திரும்பும் உரிமையை நியாயமில்லாமல் கட்டுப்படுத்தியது என்று தீர்ப்பளித்தது. அறைகள் குறைவு என்பது புரிகிறது. குறைவாக இருக்கும்போதுதான் யாருக்கு முதலில் என்று யோசித்து வைத்திருக்க வேண்டும். மரணம், பிரசவம், அறுவை சிகிச்சை, பிரிந்திருக்கும் குழந்தை ஆகியவற்றுக்குத் தனி வாசல் ஒன்று வையுங்கள். இரண்டு நாளில் பதில் சொல்லும் ஆள் அங்கே இருக்கட்டும்.

வெளிநாட்டில் ஒருவருக்குத் தொற்று வந்துவிட்டால் என்ன என்பதும் அப்படித்தான். தொற்று இல்லை என்று சான்று காட்டினால்தான் விமானம் ஏறலாம் என்றீர்கள். குணமான பிறகும் பல வாரங்கள் பிசிஆர் சோதனையில் பாசிட்டிவ் காட்டும் என்பது 2020-லேயே தெரிந்த விஷயம். குணமானவர்களுக்கு வேறு சான்று போதும் என்று சில நாடுகள் எழுதிவைத்தன. எழுதிவைக்காத நாடுகளின் பயணிகள் நோய் போனபிறகும் விடுதி அறையில் கிடந்தார்கள். காப்பீடும் கைகொடுப்பது நிச்சயமில்லை. அரசு போகவேண்டாம் என்ற நாட்டுக்குப் போனால் பல காப்பீடுகள் செல்லாது, அந்த அரசு நீங்கள் போய் இறங்கியபிறகு சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று பத்திரத்தின் பின்பக்கத்தில் தேட வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதற்குச் செலவே கிடையாது. அடுத்த விதியை எழுதி முடித்ததும், வெளியிடுவதற்கு முன்னால், உங்கள் துறையைச் சேராத ஒருவரை அழைத்து உட்காரவையுங்கள். முடிந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு. வெளிநாட்டில் அவருடைய அக்கா மருத்துவமனையில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். சோதனை எப்போது எடுக்க வேண்டும், அங்கே தொற்று வந்தால் எங்கே தங்குவது, எந்தத் தேதிக்குள் திரும்பலாம் என்று உங்கள் அறிவிப்பை மட்டும் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தேடும்போது நீங்கள் பேசாமல் பக்கத்தில் இருந்து, அவர் விரல் எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள்.

இப்படிக்கு,
நான்கு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்த ஒரு தங்கை