கயல் இலக்கியமும் படிக்கட்டும்

ஒட்டன்சத்திரம்,
கார்த்திகை 5

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நீ எழுதும் ‘ழ’ இன்னும் வால் நீண்டு அடுத்த வரியைத் தொடுகிறது. உறையைப் பார்த்ததுமே நீதான் என்று தெரிந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. நாளிதழை அவரே படிக்கிறார். எனக்கு முழங்கால் வலிதான், மழை விட்டால் சரியாகும்.

உன் மகள் கயலுக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கிடைத்ததை அம்மாவிடம் சொன்னேன். “உங்கள் இருவரின் காற்றும் பட்டிருக்கிறது” என்றார். மைனராக, அதாவது முதன்மைப் பாடத்தோடு எடுக்கும் இரண்டாவது துறையாக, அவள் தமிழ் இலக்கியம் கேட்கிறாள், அவள் அப்பாவான அண்ணன் கணினி அறிவியல் என்கிறார், நீ சொல் என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் யோசித்துவிட்டே எழுதுகிறேன். அவள் இலக்கியம் எடுக்கட்டும்.

நாம் படித்தபோது இந்தக் கேள்விக்கே இடமில்லை. தாவரவியல் என்றால் விலங்கியலும் வேதியியலும் துணைப்பாடங்கள். பகுதி 1 தமிழ் இரண்டாம் ஆண்டோடு முடிந்துவிட்டது. மூன்றாம் ஆண்டில் ஆய்வகத்துக்குப் போகிற வழியில், தமிழ் வகுப்பு நடக்கும் அறையின் ஜன்னலோரம் வந்ததும் நீ நடையைக் குறைப்பாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். அப்படி இழுத்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டத்தில், மூன்று ஆண்டுப் படிப்பின் 120 கிரெடிட்டில் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) 24 மைனருக்கு. நான்காம் ஆண்டும் தொடர்ந்தால் 160இல் 32. தாளுக்கு நான்கு கிரெடிட் என்றால் ஆறு அல்லது எட்டுத் தாள். ஒரு துறைக்குள் நன்றாகக் கால் வைக்க அது போதும்.

மக்காச்சோளத் தண்டைக் குறுக்கே சீவி, சாஃப்ரனின் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? நீரையும் உணவையும் கடத்தும் வாஸ்குலார் கற்றைகள் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் விலகியும் சிதறிக் கிடக்கும். ஒருவிதையிலைத் தாவரம் என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். எனக்கு நாற்பது வயதானபின், எங்கள் கல்லூரித் தமிழாசிரியை ஒருவர் பஸ்ஸில் தொல்காப்பிய மரபியலிலிருந்து இரண்டு வரி சொன்னார்: “புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப.” வெளியே வைரமாக இருப்பது புல், உள்ளே வைரம் பாய்வது மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். வேம்பும் மருதும் மரம். என் இறங்குமிடம் தாண்டிப்போனதுகூடத் தெரியவில்லை. நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேச நான் இதைச் சொல்லவில்லை. அந்த வரியை எழுதியவர் வெட்டிய பனையைப் பார்த்திருக்கிறார். வெளியே கோடரி திணறுவதையும் உள்ளே மெத்தென்று இறங்குவதையும் கண்டு, இரண்டே சொல்லில் வைத்துவிட்டார். இருபது ஆண்டு பாடம் நடத்திய எனக்கு அப்படி ஒரு வரி எழுத வந்ததில்லை.

ஆய்வு செய்தபோது என் முதல் கட்டுரை திரும்பி வந்ததை உனக்கு நான் சொன்னதே இல்லை. ஒரு செடியின் வர்ணனைதான் அதில் முக்கியமான பகுதி. “இதைச் செடியைப் பார்த்து எழுதவில்லை, புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாய்” என்றார் வழிகாட்டி. அது உண்மை. பிறகு நான் திருத்திய பதிவேடுகளிலும் அதே நோய். முப்பது பிள்ளைகளின் செம்பருத்தியும் ஒரே வாக்கியத்தில் பூத்திருக்கும். பார்த்ததைத் தன் சொல்லில் எழுத அறிவியல் வகுப்பில் நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொன்று. குறுந்தொகையின் முதல் பாட்டில் தலைவன் காந்தள் பூவோடு வருகிறான். தோழி, எங்கள் மலையிலேயே அது குலைகுலையாக இருக்கிறது என்கிறாள். பாட்டு அவ்வளவுதான். “உன் பூ எங்களுக்கு வேண்டாம்” என்ற சொல் எங்குமே இல்லை. தாவரவியல் மட்டும் படித்தவள் அதில் ஒரு செடியின் வாழிடத்தைக் காண்பாள். அந்த மறுப்பைக் கேட்கவும் கயல் பழகட்டும்.

அண்ணனின் கவலை எனக்குப் புரிகிறது. இலக்கியம் மைனராக இருப்பதால் வேலை வரும் என்று அவரிடம் நான் சொல்லமாட்டேன், அது பொய்யாகிவிடும். கணினியை அவள் வேலைக்குத் தேவையான அளவு தனியாகக் கற்றுக்கொள்வாள். தன் வாக்கியத்தை இன்னொருவர் சிவப்பு மையில் திருத்த, அதைத் திரும்ப எழுதுவது தனியாக நடக்காது.

அதனால் சேரும் முன் துறையில் போய்க் கேட்கச் சொல். மாணவர்கள் எழுதிக் கொடுக்கிறார்களா, யாராவது திருத்துகிறார்களா? இலக்கிய வரலாற்றுக் குறிப்புகளை மனப்பாடம் செய்து எழுதுவது மட்டும்தான் என்றால், இவ்வளவு நேரம் நான் சொன்னதற்குப் பொருளில்லை. அப்போது வேறு பாடம் பார்க்கட்டும். கால அட்டவணையையும் பார்க்கச் சொல். செய்முறை வகுப்பும் இலக்கிய வகுப்பும் ஒரே பிற்பகலில் வந்தால், எப்போதும் இலக்கியத்தைத்தான் விடச் சொல்வார்கள்.

மாடியில் தொட்டியில் வைத்த கண்வலிக்கிழங்கு, அந்தப் பாட்டின் காந்தள்தான், இந்த வாரம் பூத்திருக்கிறது. இங்கே விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள், இருந்தாலும் வீட்டில் பூக்கும்போது கீழே இறங்க மனமில்லை. முதலில் பச்சை கலந்த மஞ்சள், நாளாக நாளாகச் சிவந்துகொண்டே போகிறது. இலை நுனியே பற்றுக்கம்பியாகிப் பக்கத்துக் கயிற்றைச் சுற்றியிருக்கிறது. விடுமுறை விட்டதும் கயலை ஒரு வாரம் இங்கே அனுப்பு. நோட்டும் பேனாவும் கொண்டுவரட்டும். தினமும் காலையில் அந்தப் பூவைப் பார்த்து அவள் எழுத வேண்டும், நானும் எழுதுகிறேன். கிழங்கை மட்டும் தொடக் கூடாது, அது நஞ்சு என்று சொல்லிவை.

அம்மா உன்னை விசாரித்தார். அண்ணனிடம் என் கடிதத்தைப் படித்துக்காட்டிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
மங்கை