செல்லிக்காக ஓடிவந்த உங்களுக்கு

அன்புள்ள பெருந்துறை, நாமக்கல் சொந்தங்களுக்கு,

எங்கள் பக் நாய்க்குட்டி செல்லிக்காக இரண்டு மாதமாக அலைந்த உங்கள் எல்லாருக்கும் மனம் நிறைந்த நன்றி.

முதல் நன்றி அம்மாவைப் பெற்ற எங்கள் அமுச்சிக்கு. செல்லி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, எச்சில் ஒழுக, கூப்பிட்டாலும் திரும்பாமல் நிற்பாள். ஓரிடத்தில் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் கல்லீரல் அழற்சி என்று ஊசி போட்டார்கள். நாங்களும் உடம்பு தேறட்டும் என்று ஈரலும் கறியுமாக வேகவைத்துப் போட்டோம். "கண்ணு, கறி தின்ன அன்னைக்குத்தான் இது சுவத்தைத் தேடிப் போகுது" என்று கண்டுபிடித்துச் சொன்னது அமுச்சிதான். அதைக் கேட்டதும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

டாக்டரம்மா, நீங்கள் சீட்டுக்குப் பின்னால் வரைந்து காட்டிய படம் எங்கள் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலில் சுத்தமான பிறகுதான் உடம்புக்குள் போகவேண்டும். செல்லிக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்குக் குழாய். கல்லீரலை விட்டுவிட்டு நேரே பெரிய சிரையில் போய்ச் சேர்கிறது. கறி செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியா அப்படியே மூளைக்கு ஏறிவிடுகிறது. 8 மாதமாகியும் அவள் 3.5 கிலோ தாண்டாததற்கும் அதுதான் காரணமாம்.

கல்லீரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் பித்த அமிலச் சோதனைக்கு 12 மணி நேரம் பட்டினி போட்டு ஒரு தடவை, தீனி வைத்து 2 மணி நேரம் கழித்து மறு தடவை ரத்தம் எடுக்க வேண்டும். விடியும் முன்னே கார் எடுத்துவந்து, மத்தியானம் வரை கூடவே உட்கார்ந்திருந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணன் டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

மெடிக்கல் ஷாப் தம்பி, மனிதர்களுக்கு மலச்சிக்கலுக்குத் தரும் லாக்டுலோஸ் சிரப்பை இவளுக்கென்றே எடுத்து வைக்கிறாய். குடலிலேயே அம்மோனியாவைப் பிடித்து வெளியே தள்ளுவது அந்த மருந்துதான்.

அப்புறம், அறுவைச் சிகிச்சைக்குப் பணம் அனுப்பியவர்களே, அடுத்த மாதம் அந்தக் குழாயைச் சுற்றி ஒரு வளையம் போடுகிறார்கள். பால் புரதத்தால் ஆனது. ஈரத்தை உறிஞ்சி ஊதி, சில வாரங்களில் மெல்ல மெல்லக் குழாயை அடைக்கும். ஒரேயடியாக அடைத்தால் ரத்த அழுத்தத்தைக் கல்லீரல் தாங்காது.

இப்போதைக்குப் பாசிப்பருப்புச் சோறும் முட்டையும் பனீரும் கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை. நேற்று அமுச்சி வட்டலைத் தட்டியதும் வாசலிலிருந்து ஓடிவந்தாள்.

இப்படிக்கு,
செல்லி வீட்டார், பெருந்துறை