முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் நன்றி

பேரன்புடையீர்,

2009 மே மாதம் இலங்கையின் இறுதிப் போரில் பெருந்தொகையான தமிழ் மக்கள் கொல்லப்பட்ட முள்ளிவாய்க்கால் பேரவலத்தின் 16ஆம் ஆண்டு நினைவேந்தலும், அன்று அங்கு சிக்கியிருந்தோர் பசியாறிய கஞ்சியை நினைவூட்டும் கஞ்சி வழங்கலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் குறைவின்றி நடந்தேறத் துணைநின்ற ஒவ்வொருவருக்கும் மாணவர்களாகிய நாம் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

இன்று எம்மோடு முதலாம் ஆண்டில் பயில்வோர் 2009இல் நாலைந்து வயதுக் குழந்தைகள். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய நிலத்தில் பதுங்குகுழிக்குள் இருந்தவர்களும் அவர்களுள் உள்ளனர்; ஆயினும் பலருக்கு அந்நாட்கள் பெற்றோர் சொல்லித்தான் தெரியும். ஆகவே, முள்ளிவாய்க்காலிலிருந்து மீண்டு, இன்று எம்மிடம் வந்து கஞ்சி காய்ச்சக் கற்றுத்தந்த அம்மாமாருக்கே எமது முதல் நன்றி. தேங்காய்ப்பால் விடலாமா என்று ஒரு மாணவி கேட்டபோது, "அண்டைக்குத் தேங்காய்க்கு எங்க பிள்ளை போறது? அரிசியும் உப்பும் தண்ணியுந்தான்" என்று கூறி, அகப்பையால் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்த அந்த அம்மா, அங்கே தம் இரு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் என்பதை நாம் பிறகே அறிந்தோம். எந்த விரிவுரையிலும் கிடைக்காத பாடத்தை அவர் எமக்குத் தந்தார்.

அரிசி தந்த வன்னி விவசாயிகள், கிடாரமும் விறகும் கொண்டுவந்து இறக்கிய அயலவர்கள், சிரட்டைகளை வீடுவீடாகச் சேர்த்து உரஞ்சிக் கழுவித் தந்த பாடசாலைப் பிள்ளைகள், விடியுமுன்னே வந்து முற்றத்தைக் கூட்டிய கல்விசாரா ஊழியர்கள், எம்மோடு இறுதிவரை நின்ற விரிவுரையாளர்கள் ஆகியோருக்கும் நன்றி. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் இதே நினைவுக்காகக் கஞ்சி காய்ச்சியவர்கள் கைது செய்யப்பட்ட செய்தியை அறிந்திருந்தும் இவர்களில் ஒருவரேனும் தயங்கவில்லை என்பதை நாம் நன்கறிவோம்.

வரிசையில் நின்று கஞ்சி வாங்கிக் குடித்து, என்ன நடந்தது என்று அமைதியாகக் கேட்டறிந்த சிங்கள, முஸ்லிம் மாணவ நண்பர்களையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். இறுதிப் போரில் 40,000 வரையான பொதுமக்கள் உயிரிழந்திருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் கூறியதை அவர்களுள் சிலர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டனர். அவர்கள் கேட்ட கேள்விகள் எமக்கு ஆறுதலாக இருந்தன.

எமது வளாகத்தில் நாம் சுடரேற்றிய முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இடிக்கப்பட்டு, மாணவர் போராட்டத்தின் பின் அதே ஆண்டிலேயே மீள எழுந்தது. அன்று பல்கலைக்கழக வாசலில் உண்ணாவிரதம் இருந்த எம் மூத்த மாணவர்கள் இன்று பல ஊர்களில் பணியாற்றுகின்றனர். இம்முறை செலவின் பெரும்பங்கை அவர்களே ஏற்றனர்; பெயர் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டனர்.

எஞ்சிய அரிசியை முள்ளிவாய்க்காலில் கணவரை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வழங்கிவிட்டோம். வரவு செலவு விபரம் அறிவித்தல் பலகையில் உள்ளது. கிடாரங்களை உரியவர்கள் இவ்வார இறுதிக்குள் மாணவர் ஒன்றிய அறையில் பெற்றுக்கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
மாணவர்கள்,
யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்