முதல் வகுப்புக்கு ஒரு கல்யாணக் கார்டு போதும்

குமரி மாவட்டக் கல்லூரிகளில் முதலாமாண்டு சமூகவியல் நடத்தும் சார்மாருக்கும் டீச்சர்மாருக்கும் தக்கலையிலிருந்து வணக்கம்.

நானும் இதே பாடம் படித்தவள்தான். முதல் நாளே பலகையில் 'நவீன சமூகத்தின் பண்புகள்' என்று எழுதி நோட்ஸ் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். தொழில்மயம், நகர்மயம், பகுத்தறிவுமயம். ஐரோப்பாவில் யாருக்கோ நடந்த சங்கதி என்றே மூன்று வருடமும் ஓடிப்போனது. மார்க் வந்தது, அது வேறு விஷயம்.

போன மாதம் அலமாரியை ஒதுக்கும்போது அம்மாவின் கல்யாணக் கார்டு கிடைத்தது, 1974. கூடவே அண்ணன் மகளுடையதும். பழையதில் ஆண்களின் பெயர்தான். ஒவ்வொன்றுக்கும் சாதி வால். பெரியம்மா, சித்தி யாருமே இல்லை. புதியதில் வால் போய், அந்த இடத்தில் பி.இ., எம்.எஸ்சி. நர்ஸிங், குவைத், பெங்களூரு. பெரியம்மாவும் 'தலைமையாசிரியை (ஓய்வு)' என்று வந்துவிட்டார். ஆனால் மாப்பிள்ளை பார்த்தது எங்கே? அதே சாதிக்கான மேட்ரிமோனியில்! கார்டில் போன வால் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக இருக்கிறது. இதை வைத்தே ஒரு வாரம் வகுப்பு எடுக்கலாம்.

அரசு அலுவலகங்கள் இயங்கும் முறையைப் பற்றி எழுதிய ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரும் அப்படித்தான். எழுதிவைத்த விதி, கோப்பு, ஆள் பார்க்காத நடைமுறை என்று அவர் சொன்னதையெல்லாம், அட்மிஷனுக்கு முன்பே இ-சேவை மையத்து வரிசையில் பிள்ளைகள் பார்த்தாயிற்று. அதிலும் வாங்கி வருவது சாதிச் சான்றிதழ்.

அப்புறம், தோள்சீலைப் போராட்டம். 1859-இல் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்து, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தது. உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற கொக்கியோடு. சமூகவியலின் முன்னோடி என்று நீங்கள் நடத்தும் எமில் துர்க்கைமுக்கு அப்போது ஒரு வயது. உடை என்பது சமூக விதி என்று நம் ஊர்ப் பெண்கள் அடிபட்டே தெரிந்துகொண்டிருந்தார்கள். வரலாற்றுப் பாடம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்று. பிள்ளைகளிடம் அவரவர் வீட்டுக் கார்டைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். வகுப்பில் யார் என்ன சாதி என்று கடை விரித்ததாகிவிடும்; பின் பெஞ்சில் ஒருத்தி கார்டை மடித்துப் பைக்குள் ஒளிப்பாள். வேண்டுமானால் எங்கள் வீட்டுக் கார்டுகள் இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன். அம்மாவிடம் கேட்டாயிற்று. 'போட்டோ நல்லா விழுமா?' என்றார்.