நம்ம கடல்பாசி சங்கத்தோட 2024-25 ஆண்டறிக்கை

தலைவி அக்காவுக்கும் கமிட்டிக்கும், பாக் நீரிணைப் பக்கம் நம்ம வடகடல் கரையில பாசி போடுற அத்தனை பேருக்கும் வணக்கம். கூட்டம் நடந்த விவரம், புதுசா சேர்ந்தவங்க பேரு எல்லாம் மினிட்ஸ் நோட்டுல இருக்கு, கணக்கை பொருளாளர் மதினி வாசிப்பாங்க, அதனால நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். இந்த வருஷம் நம்மளை ஆட்டி வச்சது விதைதான், அதாவது மறுபடி கயித்துல கட்டி வளர்க்க எடுத்து வைக்கிற பாசித் துண்டு.

2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் எல்லாம் வெள்ளக்காடு, வீட்டுக்குள்ள தண்ணி வந்ததை டிவில காட்டுனாங்க, ஆனா கடல்ல பாசி கட்டி விட்டிருந்த நம்ம மூங்கில் மிதவைக்கு என்ன ஆச்சுன்னு நாமதான் பாத்தோம். கரையோரம் மேல்தண்ணியில உப்பே இல்லாம போச்சு. நாம வளர்க்குற கப்பா பாசிக்கு (கப்பாபைகஸ்) நல்ல உப்புத்தண்ணி வேணும், கொஞ்ச நாள்லயே கணு கணுவா வெளுத்து, தொட்டா வழுக்கிக்கிட்டு கையோட வந்துருச்சு. மிச்சம் இருந்ததை வாடைக்காத்து அடிச்சுக்கிட்டு போயிருச்சு. அப்புறம் தை முடிஞ்சு கடல் அடங்கி, மூங்கில் கட்டி, கயிறு திரிச்சு எல்லாம் ரெடி பண்ணி வச்சா போடுறதுக்கு விதை இல்லை.

வெளியில ஒரு வியாபாரிகிட்ட சொல்லி இறக்குனோம். மத்தியான வெயில்ல தார்ப்பாய் போட்டு மூடி வந்த லோடு, சாக்கைப் பிரிக்கும்போதே சூடா ஆவி வந்துச்சு, பாதிப் பாசி நிறம் செத்துக் கிடந்துச்சு. காசு கொடுத்தாச்சு, திருப்பி அனுப்ப முடியலை.

இங்க ஒரு கணக்கு சொல்றேன், தயவுசெஞ்சு கவனிங்க. 12க்கு 12 அடி மிதவையில 20 கயிறு, ஒரு கயித்துக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம்னு போட்டா 60 கிலோ விதை. 45 நாள் கழிச்சு நல்லா வந்தா நாலு மடங்கு, 240 கிலோ. அதுல 60 கிலோவை விதைக்கு வைக்காம அதையும் காயப்போட்டா நமக்கு கூடுதலா கிடைக்கிறது ஆறு கிலோ காஞ்ச பாசிதான், ஏன்னா பத்துக்கு ஒண்ணுதான் தேறும். அந்த ஆறு கிலோ காசுக்காக அடுத்த போகத்தையே விட்டுடுறோம். விதைநெல்லை குத்தித் தின்ன குடும்பம் மாதிரி ஆயிரக்கூடாது.

விதை ஏன் இப்படி பலம் குறைஞ்சு போகுதுன்னு நிறைய பேர் கேக்குறீங்க. இந்தப் பாசி நம்ம கடல்ல பொறந்தது இல்லை, பிலிப்பைன்ஸ் வகை, 1995 வாக்குல மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க மண்டபத்துக்கு கொண்டு வந்தாங்க, 2000க்கு அப்புறம் பெப்சி கம்பெனி ஒப்பந்தம் போட்டு குழுக்களுக்கு குடுத்தாங்க. அன்னைலேர்ந்து அதே செடியைத்தான் வெட்டி வெட்டி கட்டிக்கிட்டு இருக்கோம், புது தலைமுறைன்னு ஒண்ணு வர்றதே இல்லை. 2012-13ல உச்சத்துல இருந்த தொழில் அடுத்த வருஷமே படுத்துச்சே, கடல் சூடு, வெளுப்பு நோய், முடி முடியா ஒட்டுற பாசி எல்லாம் சேர்ந்து அடிச்சுச்சு, அப்ப மூங்கிலை எரிச்சுட்டு வேற வேலைக்கு போனவங்க இங்க உக்காந்திருக்காங்க.

அதனால பங்குனிலேர்ந்து தாய் மிதவை வைக்க ஆரம்பிச்சோம். பத்து மிதவை போட்டா ஒண்ணு விதைக்கு மட்டும், அதை யாரும் விக்கக்கூடாது. அதுல கட்டுற பாசியை வடக்குத்தெரு பெரியக்கா பொறுக்குற விதத்தை எல்லாரும் ஒரு தடவை பக்கத்துல இருந்து பாருங்க. விடியக்காலையில, கயித்தை தண்ணியை விட்டு முழுசா எடுக்காமலே, நுனிப்பக்கம் இளங்கிளையா பாத்து ஒடிக்கிறாங்க. டக்குனு சத்தத்தோட ஒடியணும், வளைஞ்சா வேணாம். ஒடிஞ்ச இடம் சுத்தமா இருக்கணும், கணுவுல வெள்ளை வளையம் இருந்தா, மேல முடி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தா அது காயப்போட. அடிக்கட்டையை விதைக்கு வைக்கவே மாட்டாங்க. ஒடிச்சதை கடல்தண்ணியில நனைச்ச சாக்கால மூடி நிழல்ல வச்சு, வெயில் ஏறுறதுக்குள்ள கட்டி இறக்கிடுவாங்க. ஓரா மீன் கொறிக்காம அடியில பழைய வலை கட்டுறதும் தாய் மிதவைக்கு கட்டாயம்.

மண்டபத்துல திசு வளர்ப்பு நாத்து தயார் பண்றாங்க, லேப்ல சின்னத் துண்டுலேர்ந்து கிருமி இல்லாம வளர்த்து எடுக்குறது, அதை தாய் மிதவையில ஏத்திப் பெருக்குனா நமக்கு நல்லது, கேட்டு மனு கொடுத்திருக்கோம். வெளிநாட்டு விதை வேணும்னு சிலர் சொல்றீங்க, அதுக்கு 2024ல மத்திய அரசு வழிமுறை போட்டிருக்கு, தனிமைப்படுத்தி நோய் பாத்துதான் விடணும், யாரும் குறுக்கு வழியில கொண்டுவந்து கடல்ல போட்டுடாதீங்க.

பயிற்சிக்கு வந்த சார் கெல்ப் பத்தி சொன்னது எனக்கு மனசுலயே நிக்குது. ஜப்பான், கொரியா, சீனாவுல குளிர்கடல்ல வளர்ற பெரிய பாசி அது. முத்துன இலையை ராத்திரி லேசா உலர விட்டு, குளிர்ந்த சுத்தமான கடல்தண்ணியில போட்டா செடியா முளைக்கிற, கண்ணுக்குத் தெரியாத வித்து நீந்தி வெளிய வருமாம், அதை குழாயில சுத்தின மெல்லிசு நூல்ல ஒட்ட வச்சு, குஞ்சுச்செடி ஆனதும் நூலோட கடல் கயித்துல சுத்திடுறாங்க. சிவப்பு வெளிச்சத்துல வச்சா அந்த ஆரம்ப நிலையை முத்த விடாம மாசக்கணக்கா சேமிக்கலாமாம். நம்ம கப்பாவுல வித்து முறை இன்னும் கைக்கு வரலை, ஆனா நம்ம ஊரு கஞ்சிப்பாசி வித்து விடும், பெண்செடி மேல கடுகு கடுகா தடிச்சிருக்கும்ல அதுதான். அதைத் தொட்டியில கயித்து மேல வித்து விட வச்சு பாக்கலாம்னு ஆசை இருக்கு. நம்ம கடல் பாசி, நம்ம அம்மாக்கள் முங்கி எடுத்த பாசி, பாறையை மொட்டையடிக்காம விதை வந்தா அதைவிட என்ன வேணும்.

இன்னொண்ணு. வெட்டுனப்ப சிதறுற துண்டை கடல்லயே விட்டுட்டு வராதீங்க. குருசடை தீவுல இந்தக் கப்பா பவளப்பாறை மேல படர்ந்து மூடுனதை 2008லயே ஆராய்ச்சிக்காரங்க எழுதிட்டாங்க. பாசி கட்டுற ரஃபியா நாரு அறுந்து கிடந்தா அதையும் பொறுக்கி கரைக்கு கொண்டு வாங்க.

நம்ம ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூர்ல 127 கோடி ரூபாய்க்கு மேல செலவு பண்ணி கடல்பாசி பூங்கா கட்டுறதா 2023 செப்டம்பர்ல அடிக்கல் நாட்டுனாங்க. அங்க மழை காலத்துல நம்ம தாய் விதையை வச்சு காப்பாத்த தொட்டி வேணும்னு கேட்டு எழுதப்போறோம், கையெழுத்து இன்னைக்கே வேணும்.

அடுத்த வருஷத்துக்கு தீர்மானம் ரெண்டு. தாய் மிதவை எல்லா குழுவுக்கும் கட்டாயம், ஐப்பசி பொறக்குறதுக்கு முன்னாடி அதை ஒரே இடத்துல வைக்காம ரெண்டு மூணு இடமா பிரிச்சு வைக்கணும். விதை இல்லாத குழுவுக்கு அடுத்த குழு கடனா குடுக்கணும், அறுவடையில எடைக்கு எடை திருப்பணும், காசு வாங்கக்கூடாது. சம்மதம்னா கையைத் தூக்குங்க, எண்ணி எழுதிக்கிட்டு கணக்கு வாசிக்க மதினியை கூப்பிடுறேன்.