தண்ணீர் திரும்பி வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்

நிலக்கரி அமைச்சகத்துக்கும் நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்கும்,

வணக்கம். நெய்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்காரன் எழுதுகிறேன். தோண்டி முடித்து, மண் நிரப்பி, மரம் வைத்த சுரங்க நிலத்தின் மேலிருந்து அரசு எப்போது கையை எடுக்கலாம் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

2009-இல் நீங்கள் கொண்டுவந்த சுரங்க மூடல் வழிகாட்டுதல்கள் நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுரங்கம் ஓடும்போதே மூடும் செலவுக்கான பணம் எஸ்க்ரோ கணக்கில் (வேலை முடிந்தால்தான் எடுக்க முடிகிற பிணைக் கணக்கில்) ஏறுகிறது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்த வேலையைச் சரிபார்த்து ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறீர்கள், மிச்சம் கடைசியில். சரி. ஆனால் மூடல் திட்டங்களின் செலவுப் பட்டியலைப் புரட்டினால் மூடிய பிறகான கண்காணிப்புக்கு மூன்று ஆண்டு என்று போட்டிருக்கிறது. அந்த மூன்றைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஏன் என்று சொல்கிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது உறவுக்காரர் கொல்லையில் ஓர் ஊற்றுக்குழாய் இருந்தது. மோட்டார் கிடையாது, கைப்பம்பு கிடையாது, தண்ணீர் தானாகவே மேலே பொங்கும். குழாய் வாயை உள்ளங்கையால் பொத்தினால் கையைத் தள்ளிவிட்டு முகத்தில் அடிக்கும், அது எங்களுக்கு விளையாட்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கிற தண்ணீருக்கும் அதே வேகம்தான். அதை விடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் மேலே இயந்திரம் நிற்க முடியும், இல்லையென்றால் சுரங்கத்தின் தரையே வெடித்துக் கிளம்பும். அறுபது ஆண்டுக்கும் மேலாக இரவு பகலாக இறைக்கிறார்கள். கடைசிக் கரியை எடுத்துவிட்டு ஒருநாள் அந்தப் பம்புகளை நிறுத்துவீர்கள் அல்லவா, அன்றைக்குத்தான் பூமிக்கடியில் வேலையே ஆரம்பிக்கும்: தண்ணீர் மெல்ல மெல்ல ஏறி, நாம் கொட்டி நிரப்பிய தளர்ந்த மண்ணுக்குள் புகுந்து, அது போகிற வழியில் இருக்கிற இரும்பையும் கந்தகத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வரும். இதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பதை அந்தத் தண்ணீர்தான் முடிவு செய்யும், மூன்றாண்டில் முடித்துக்கொடு என்று அதனிடம் கேட்க முடியாது.

ஜெர்மனியில் நாக்டர்ஸ்டெட் என்று ஓர் ஊர். அங்கேயும் பழுப்பு நிலக்கரிதான். 1991-இல் தோண்டுவதை நிறுத்தி, பள்ளத்தை ஏரியாக்கும் வேலையில் இறங்கினார்கள். 2009 ஜூலை 18 விடியற்காலை கரை சரிந்து வீடுகளை ஏரிக்குள் இழுத்துக்கொண்டு போனது, மூன்று பேர் இறந்தார்கள். நிறுத்திப் பதினெட்டு ஆண்டு கழித்து! ஆழத்தில் அடைபட்டிருந்த நிலத்தடி நீரின் அழுத்தத்தைத்தான் முக்கியக் காரணமாகப் பிற்பாடு நிபுணர்கள் சொன்னார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்தக் குழாய்தான் ஞாபகம் வந்தது.

அமெரிக்காவில் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசியாக விதைத்து உரமிட்ட ஆண்டுக்குப் பிறகு குறைந்தது 5 ஆண்டு, மழை குறைந்த இடங்களில் 10 ஆண்டு சுரங்கக்காரர் பொறுப்பில் இருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது: 1988-இல் வந்த விதிப்படி கண்காணிப்பை முடித்துக்கொண்டாலும், மோசடியாலோ பொய்த் தகவலாலோ அந்த முடிவு வாங்கப்பட்டது என்று தெரிந்தால் அதிகாரி மறுபடி உள்ளே வந்தாக வேண்டும். சுரங்கத்தை முறையாக மூடியாயிற்று என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சான்றிதழிலும் அப்படி ஒரு வரி இருக்கட்டும்.

பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஐப்பசி மழை விட்ட மறுநாள் சுரங்க மண்ணைக் கொட்டி மரம் வைத்த பழைய மேடு ஒன்றில் ஏறிப் பார்த்திருக்கிறேன். கீழே சாலையிலிருந்து படம் எடுத்தால் காடு மாதிரி இருக்கும். மேலே போனால் மரங்களுக்கு நடுவே மழை அறுத்த பள்ளம், ஆள் இடுப்பளவுக்கு, வேரெல்லாம் அந்தரத்தில் தொங்குகிறது, செம்மண் குழம்பாகக் கீழே வயல் பக்கம் வழிகிறது. ஆய்வுக்கு வருகிறவர்கள் கோடையில் வராமல் அந்த மறுநாள் வாருங்கள்.

சுற்றிலும் உள்ள கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டம் ஏறி, ஒரு நிலையில் நின்று, சில பருவமழைகளைத் தாண்டியும் அசையாமல் இருக்கிறது என்று தெரிந்த பிறகு சான்றிதழ் கொடுங்கள். அந்த அளவுகளை ஒவ்வொரு மாதமும் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் தமிழில் எழுதிப் போடச் சொல்லுங்கள். கடைசிக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு கிராமசபை வையுங்கள், அந்தக் கூட்டத்துக்கு நீங்களும் வந்து உட்காருங்கள்.