சாமிக்குச் செப்புத் தகடு வேண்டாம், கண்ணு

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய வீடியோவை அம்மாவும் நானும் இரண்டு தடவை பார்த்தோம். மூலவருக்கு அடியில் செப்புத் தகடு இருக்கிறதாம், அது பூமியின் காந்த அலையை இழுத்து, பிரகாரம் சுற்றுகிறவர்களுக்குக் கொடுக்கிறதாம். "பையனுக்கு இதைச் சொல்லலாமா அப்பா?" என்று கேட்டிருந்தாய். சொல்லாதே கண்ணு.

35 வருஷமாகச் செம்புக் கம்பியில் பிழைக்கிறவன் நான். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனால் ஒட்டாது. மோட்டாருக்குள் அடுக்கியிருக்கும் இரும்புத் தகட்டில்தான் ஒட்டும். செம்பு காந்தத்தை இழுத்து வைத்துக்கொள்கிற பொருளே இல்லை.

ஆனால் அதே கம்பியில் மின்சாரம் ஓடினால் கதை வேறு. 1820-இல் கோபன்ஹேகனில் எர்ஸ்டெட் என்ற பேராசிரியர் கம்பியில் மின்சாரம் விட்டபோது, பக்கத்திலிருந்த திசைகாட்டியின் முள் திரும்பியது. ஓடுகிற மின்சாரத்தைச் சுற்றிக் காந்தப்புலம், அதாவது காந்தத்தின் விசை எட்டும் இடம், உண்டாகிறது. கம்பியைச் சுருளாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் புலமும் சேர்ந்து வலுக்கிறது. காயில் கட்டும்போது நான் சுற்று எண்ணிக்கொண்டிருந்தால் நீ கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேனே, அது இதற்காகத்தான்.

சரி, காந்தத்திலிருந்து மின்சாரம் வருமா? 1831-இல் ஃபாரடே என்ற விஞ்ஞானி அதையும் கண்டுபிடித்தார். காந்தம் சும்மா கிடந்தால் வராது. அசைய வேண்டும், இல்லையென்றால் அதன் பலம் கூடிக் குறைய வேண்டும். நீ பள்ளிக்கூடம் போன சைக்கிளில் டைனமோ இருந்ததே, மிதிப்பதை நிறுத்தி வண்டி நின்றதும் விளக்கு அணைந்துவிடும். அசையாத சிலைக்கு அடியில் அசையாத தகடு. அதில் சொல்லும்படியாக என்ன பிறக்கும்?

போன ஆடியில் நம் மாரியம்மன் கோயில் மின்சார மேளத்தின் மோட்டார் புகைந்துபோய், நான்தான் காயில் கட்டிக் கொடுத்தேன். அதில் சுற்றுகிற ரோட்டருக்கு ஒயர் எதுவும் போகாது. வெளிக் காயிலில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் ரோட்டருக்குள் மின்சாரத்தைக் கிளப்புகிறது. அந்த மின்சாரம் தன் பங்குக்குக் காந்தமாகி வெளிப்புலத்தைத் துரத்துகிறது. எர்ஸ்டெட்டும் ஃபாரடேவும் சேர்ந்து ஒரே டப்பாவுக்குள். எத்தனை மோட்டார் கட்டினாலும், முதல் தடவை சுவிட்சைப் போட்டு அது சுற்றும்போது எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும்.

வடக்கே தலை வைக்கக்கூடாது என்று உன் அத்தை சொல்வதை மறுத்துப் பேசாதே. அது பெரியவர்கள் வழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும். ரத்தத்தில் இருக்கும் இரும்பைப் பூமி இழுக்கும் என்ற காரணம் மட்டும் வேண்டாம். அந்த இரும்பு ஆணி இரும்பு மாதிரி காந்தத்தில் ஒட்டாது. போன வருஷம் முதுகுக்கு எம்ஆர்ஐ எடுத்தார்களே, அந்த மெஷினின் காந்தம் 1.5 டெஸ்லா. டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் பலத்தை அளக்கும் அலகு. நம் ஊரில் பூமியின் புலத்தைவிட 30,000 மடங்குக்கும் மேல். அரை மணி நேரம் உள்ளே படுத்துவிட்டு எழுந்து வந்து காபி குடித்தேன்.

பையனுக்குச் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது. காந்தத்தைச் சுற்றிக் காந்தப்புலம் இருப்பதுபோல் மின்னூட்டத்தைச் சுற்றி மின்புலம் இருக்கும். மாறும் மின்புலம் காந்தப்புலத்தை உண்டாக்கும், மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும். ஒன்றை ஒன்று பெற்றுக்கொண்டே இரண்டும் அலையாக ஓடும் என்று 1860-களில் மேக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டார். அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் என்று வந்தது. அது ஒளியின் வேகம்! அப்படியென்றால் ஒளியே மின்காந்த அலைதான். கருவறை இருட்டில் குருக்கள் கற்பூரம் காட்டும்போது அம்மன் முகம் தெரிகிறதே, அங்கிருந்து நம் கண்ணுக்கு வந்து சேர்வது அந்த அலை. தகட்டைத் தேடிப் போகவே வேண்டியதில்லை.

திருச்செங்கோட்டு மலையில் அர்த்தநாரீசுவரரைக் கும்பிடும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு புலங்களும் நினைவுக்கு வரும். பிரிக்க முடியாத இரண்டு. ஆனால் அது என் மனசுக்குள் வருகிற உவமை. மேக்ஸ்வெல்லுக்கு முன்பே நம்மவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவனிடம் சொல்லிவிடாதே. அம்மன்மேல் எனக்கிருக்கும் பக்திக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை.

பொங்கலுக்கு வரும்போது அவனுக்கு ஒரு சின்னத் திசைகாட்டி வாங்கி வா. கம்பியும் பேட்டரியும் அவன் அப்புச்சி என்னிடம் இருக்கிறது. முள் திரும்புவதை அவன் கையாலேயே செய்து பார்க்கட்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா